எதோடு ஒப்பிட்டுப் பார்த்தாய்?

போன ஐப்பசியில் பேரன் தொண்டூருக்கு வந்தபோது கையில் ஒரு சின்னப் பெட்டி. உள்ளே இருநூறு ரூபாய் சொச்சத்துக்கு வாங்கிய காற்று சென்சார். திண்ணையில் வைத்தான். இரவு மழை பிடித்ததும் எண் மூன்று மடங்காக ஏறியது.

"தாத்தா, ரைஸ் மில் புகைதான். கலெக்டருக்கு மனு எழுதலாம்."

"எழுதலாம்டா. இதை எதோடு ஒப்பிட்டுப் பார்த்தே?"

விழித்தான். மறுநாள் வெயில் வந்ததும் எண் தானாக இறங்கியது. மில் என்னவோ அன்றும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஓய்வு பெறும்வரை கருவி அறையிலேயே காலம் தள்ளியவன் நான், விடுவேனா? கொடைக்கானல் கதையை எடுத்தேன்.

1920களில் ஆக்ஸ்ஃபோர்டில் டாப்சன் என்பவர் வானத்து ஓசோனை அளக்க ஒரு நிறமாலைக் கருவி செய்தார். சூரிய ஒளியின் புற ஊதாக் கதிரை ஓசோன் எவ்வளவு விழுங்குகிறது என்பதை போட்டோ தகட்டில் பதித்துக் கணக்கிடுவது. முதலில் ஐரோப்பாவில் சில ஊர்களில் வைத்துப் பார்த்தார். பிறகு 1928-29ல் கலிஃபோர்னியா, எகிப்து, நியூசிலாந்து ஆகிய இடங்களோடு நம் கொடைக்கானலுக்கும் ஒன்று வந்தது. இங்கே பதித்த தகடுகள் கப்பலேறி ஆக்ஸ்ஃபோர்டுக்கே போயின. எல்லா ஊர்த் தகடுகளையும் அங்கே ஒரே இடத்தில் அளந்தார்கள். கொடைக்கானலில் ஓசோன் குறைவு, ஆண்டு முழுக்கப் பெரிய மாற்றமும் இல்லை. வட ஐரோப்பாவிலோ வசந்தத்தில் எகிறுகிறது. இது கருவியின் கோளாறு அல்ல, வானத்தின் குணம் என்று துணிந்து சொல்ல முடிந்தது அதனால்தான்.

அண்டார்டிகாவில் ஃபார்மன் குழுவுக்கும் இதே சோதனை வந்தது. எண்கள் நம்ப முடியாத அளவுக்குச் சரிந்தன. பழைய கருவியைச் சந்தேகப்பட்டு வேறொன்றைக் கொண்டுபோய் வைத்தார்கள். அதிலும் சரிவுதான். 1985ல் ஓசோன் ஓட்டை உலகத்துக்குத் தெரிந்தது.

பேரனின் பெட்டிக்கு வம்சம் வேறு. ஜப்பானில் தாகுச்சி என்பவர் 1962ல் டின் ஆக்ஸைடு சென்சாருக்குக் காப்புரிமை கேட்டார். சமையல் கேஸ் கசிந்து வீடு வெடிக்கக் கூடாதே என்பதுதான் நோக்கம். சூடான ஆக்ஸைடின் மேல் வாயு பட்டால் மின்தடை குறையும், மணி அடிக்கும். எல்.பி.ஜி. தீப்பிடிக்கக் காற்றில் சுமார் 2 சதவீதம் இருக்க வேண்டும். நம் 2009ஆம் ஆண்டுத் தரநிலையில் நைட்ரஜன் டை ஆக்ஸைடின் 24 மணி நேர வரம்பு கனமீட்டருக்கு 80 மைக்ரோகிராம். நூறு கோடியில் சுமார் 43 பங்கு. ஏறக்குறைய ஐந்து லட்சம் மடங்கு வித்தியாசம்! மணி அடிக்கப் பிறந்ததைத் தராசாக்கினால் என்ன ஆகும்? அதற்கு ஈரப்பதமும் ஒரு வாயுதான், தாளிக்கும் புகையும் ஒரு வாயுதான்.

ஆனாலும் மலிவு சென்சாரை ஒதுக்கிவிட முடியாது. பல லட்சம் ரூபாய் அனலைசரை ஊருக்கு ஊர் யார் வைப்பது? சுத்தக் காற்றில் பூஜ்யம் பார்த்து, அளவு தெரிந்த சிலிண்டர் வாயுவைக் கலந்து மூடிய பெட்டிக்குள் விட்டு, வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் மாற்றி மாற்றிச் சோதித்தால் எண்ணுக்கு ஓர் அர்த்தம் வரும். ஆய்வகத்தில் தேறியது வெளியே வந்தால் தடுமாறுவதும் உண்டு. அதனால் சில வாரங்களாவது நல்ல அனலைசர் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும். 2019ல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தைக் காற்றுக் கருவிகளுக்குச் சான்றளிக்கும் அமைப்பாக அரசு அறிவித்ததும் இந்தக் கவலையால்தான்.

மில் புகை பொய் என்று நான் சொல்லவில்லை. மாடியில் காயும் வேட்டியில் கரி விழுவதைத் தினமும் பார்க்கிறேன். எண் தப்பென்று ஒருமுறை நிரூபித்துவிட்டால் கரியையும் சேர்த்தே இல்லை என்பார்கள், அதுதான் என் பயம். பேரன் பெட்டியைக் கல்லூரிக்கே எடுத்துப் போயிருக்கிறான். அங்கே அனலைசர் ஒன்று இருக்கிறதாம். மனுவின் நகல் என் மேஜை டிராயரில் இருக்கிறது, தேதி போடாமல்.