விறகோடு போன வண்டு

பட்டுப்போன மரத்தால் எவருக்கும் தீங்கில்லை என்றே நாம் எண்ணுகிறோம். வட அமெரிக்க ஆஷ் மரங்களின் அண்மைக்கால வரலாறு அவ்வெண்ணத்தைப் பொய்யாக்குகிறது.

மிச்சிகன் மாநிலத்தின் டெட்ராய்ட் நகரை ஒட்டி ஆஷ் மரங்கள் வரிசையாகப் பட்டுப்போவதன் காரணம் 2002ஆம் ஆண்டுக் கோடையில்தான் தெரிந்தது. அரை அங்குல நீளமே உள்ள பச்சை வண்டு ஒன்று. நம் சிறுவர்கள் தீப்பெட்டியில் அடைத்து வளர்த்த பொன்வண்டின் குடும்பத்தைச் சேர்ந்தது. சீனத்தில் கிடைத்த மாதிரியைக் கொண்டு ஃபேர்மேர் என்ற பிரெஞ்சு அறிஞர் 1888இலேயே அதற்குப் பெயரிட்டிருந்தார். அதன் தாயகத்து மரங்கள் அதனோடு நெடுங்காலம் வாழ்ந்து எதிர்ப்பாற்றல் பெற்றவை. அமெரிக்க மரங்களுக்கு அப்பேறு வாய்க்கவில்லை. சரக்கு அடைக்கும் மரச்சட்டங்களில் ஒளிந்து அது கடல் கடந்திருக்கலாம் என்பர் ஆய்வாளர். மரங்களின் ஆண்டு வளையங்களை ஆராய்ந்தபோது, 1990களிலேயே அது அங்கே குடியேறிவிட்டமை புலனாயிற்று.

புழுக்கள் பட்டைக்கடியில் நெளிந்து தின்று, மரத்தின் உணவுப் பாதையை அறுத்துவிடுகின்றன. சில ஆண்டுகளில் மரம் பட்டுப்போகிறது. பட்ட மரத்தை விறகாக்குவது எந்நாட்டிலும் வழக்கந்தானே? காட்டோரம் கூடாரமடித்துத் தங்கச் சென்றவர்கள் அவ்விறகை வண்டியில் ஏற்றிச் சென்றனர். வெட்டிய கட்டைக்குள்ளும் புழு வளர்ந்து, வண்டாகி வெளியேறும். தானே பறந்து நெடுந்தொலைவு செல்லாத பூச்சிக்கு மனிதர் ஊர்தி தந்தனர். 2005இல், அகன்ற நீரிணைக்கு அப்பாலுள்ள பிரிம்லி மாநிலப் பூங்காவிலும் அது அகப்பட்டது. விறகை இடம் மாற்றத் தடை வந்தது. மக்கினாக் பாலத்தில் வண்டிகள் சோதிக்கப்பட்டன. எனினும் வண்டு 35க்கும் மேற்பட்ட மாநிலங்களில் பரவி, கோடிக்கணக்கான மரங்களை அழித்தது. ஆஷ் மரங்களுக்கென விதித்திருந்த தனிமைப்படுத்தும் ஆணையை நடுவணரசு 2021 ஜனவரியில் விலக்கிக்கொண்டது.

இழப்பு மரத்தோடு முடியவில்லை. கருப்பு ஆஷ் மரத்தடியைச் சம்மட்டியால் அடித்து, வளையம் வளையமாகப் பிரித்தெடுத்த பட்டைகளால் கூடை முடைவது அனிஷினாபே, வபனாக்கி தொல்குடிகளின் மரபுக் கலை. மரம் அற்றுப்போனால், கைகளிலிருந்து கைகளுக்கு வந்த அவ்வறிவு எதைத் தொட்டு வாழும்?

விறகு ஏற்றிச் சென்றவர் எவரும் கொடியவர் அல்லர். சிக்கனமாக வாழ நினைத்தவர்கள். வெட்டிய ஊரிலேயே விறகை எரியுங்கள் என்ற அறிவுரை அத்துணை எளியது. அதன் விலை என்னவென்று காடுகள் சொன்ன பிறகே நாம் அதைக் கேட்கிறோம்.