பலாபத்வல சீனி கொக்கோவான கதை

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் ஏ-9 வீதியில் அலுவிகாரையைத் தாண்டினால் பலாபத்வல வரும். வீட்டுத் தோட்டங்களில் பலா, கமுகு, மிளகுக்கொடி, அவற்றின் நிழலில் கொக்கோ. கோப்பிக் காலத்தில் மன்னாரில் இறங்கிய நம் மூதாதையர் மாத்தளைக்கு நடந்து வந்ததும் இந்த வடக்குப் பாதையால்தான். 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தபின், தோட்டக்காரர்கள் மாத்தளைப் பகுதியில் நட்டுப் பார்த்த பயிர்களில் கொக்கோவும் ஒன்று.

கொக்கோ தண்டிலேயே காய்க்கும் மரம். இலை உச்சியில் இருக்க, காய் ஆள் உயரத்தில், பட்டையோடு ஒட்டித் தொங்கும். காய் இனிக்க வேண்டுமானால் இலையில் உண்டான சீனி அத்தனை தூரம் இறங்கி வரவேண்டும்.

காலை வெயில் பட்டதும், இலைவாய் வழியே பரவி உள்ளே வந்த காபனீரொட்சைட்டும் வேரிலிருந்து காழ் வழியே ஏறிய நீரும் கொண்டு இலைக்கலம் சீனி செய்கிறது. வழிப்பயணத்துக்கு அது சுக்குரோசாக மாறி உரியத்துக்குள் இறங்குகிறது. உரியத்தின் நெய்யரிக் குழாய்கள் உயிருள்ளவை, ஆனால் கரு இல்லாதவை. பக்கத்திலுள்ள தோழமைக்கலம்தான் அவற்றைப் பராமரிக்கிறது. இலைப் பக்கத்தில் சீனி செறிவதால் பிரசாரணத்தால் நீர் புகுந்து அமுக்கம் கூடும். காய்ப் பக்கத்தில் சீனி இறக்கப்படுவதால் நீரும் வெளியேறி அமுக்கம் குறையும். இந்த அமுக்க வேறுபாடே சாற்றைத் தள்ளுகிறது என்பது 1930இல் எர்ணஸ்ற் மூங்க் என்ற ஜேர்மானியர் தம் நூலில் விரித்துச் சொன்ன விளக்கம். வேகம் சாதாரணமாக மணிக்கு ஒரு மீற்றருக்குள்.

இப்படி ஐந்தாறு மாதம். வந்த சீனியில் ஒரு பங்கு விதைக்குள் போய்க் கொழுப்பாகிறது. உலர்ந்த கொக்கோ விதையின் நிறையில் பாதி கொழுப்புத்தான். இன்னொரு பங்கு விதையைச் சுற்றியுள்ள வெண்சதையில் சீனியாகவே தங்குகிறது. நாம் தொடரப்போவது அந்தப் பங்கை.

பழுத்த காயை உடைத்து ஒரு விதையை வாயில் போட்டால் சதை இனிப்பும் புளிப்புமாக இருக்கும். கடித்துவிடக் கூடாது, கசக்கும். அதே விதையைக் கத்தியால் நெடுக்காகப் பிளந்து பாருங்கள். உள்ளே கடும் ஊதா. ஆனால் எல்லாக் கலத்திலும் அல்ல. ஊதாவும் கசப்பும் சில கலங்களின் புன்வெற்றிடங்களில் பூட்டிக் கிடக்கின்றன. பக்கத்துக் கலங்களில் புரதமும் கொழுப்பும். நொதியங்கள் வேறோரிடத்தில். சொக்கலேற் வாசனை இந்த விதையில் எங்கும் கிடையாது.

விதைகளைச் சதையோடு பெட்டியில் கொட்டி வாழையிலையால் மூடுகிறார்கள். காற்றிலும் கத்தியிலும் கையிலும் இருந்த மதுவம் சதையில் பெருகத் தொடங்குகிறது. சதையின் குளுக்கோசு, மதுவக் கலத்தின் மென்சவ்விலுள்ள புரத வாசல் வழியே உள்ளே போகிறது. வெளியே சீனி செறிவாக இருப்பதால் அதை இழுக்கச் சக்தி செலவில்லை. பெட்டிக்குள்ளோ காற்றில்லை. ஒரு குளுக்கோசை உடைத்து மதுவம் பெறும் இலாபம், கலத்தின் சக்தி நாணயமான ஏ.ரி.பி. இரண்டே. நம் உடற்கலம் ஒட்சிசனோடு அதே குளுக்கோசிலிருந்து ஏறத்தாழ 30 எடுக்கும். மீதிச் சக்தியில் பெரும்பகுதி மதுவம் வெளியே விட்ட எதனோலுக்குள் இருக்கிறது. நம் குளுக்கோசின் ஆறு காபன்களில் இரண்டு காபனீரொட்சைட்டாகப் பறந்துவிட்டன, நான்கு எதனோலாக நிற்கின்றன.

அந்த மீதியை எடுக்க வருகிறது அசற்றிக்கமிலப் பற்றீரியா. அதற்கு ஒட்சிசன் வேண்டும். சதை கரைந்து வடிந்தபின், குவியலைப் புரட்டும்போது காற்றுப் புகுகிறது. பற்றீரியாவுக்கு இழைமணி கிடையாது, அதன் மென்சவ்வே அந்த வேலையைச் செய்கிறது. எதனோலிலிருந்து பிடுங்கிய இலத்திரன்கள் சவ்வு வழியே ஒட்சிசனிடம் போகும்போது புரோத்தன்கள் வெளியே தள்ளப்படுகின்றன. அவை திரும்பி உள்ளே பாயும்போது சவ்விலுள்ள சுழலும் நொதியம் ஏ.ரி.பி. செய்கிறது. உயிர்கள் இப்படித்தான் சக்தி பிடிக்கின்றன என்று பீற்றர் மிச்செல் 1961இல் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. 1978இல் நோபல் பரிசு கிடைத்தது. பாடப்புத்தகம் கொண்டுசெல்லலுக்கு ஒரு அத்தியாயம், சுவாசத்துக்கு ஒரு அத்தியாயம் என்று பிரித்து வைத்திருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. சவ்வைக் கடப்பதும் சக்தி பெறுவதும் ஒரே காரியம் என்பதுதான் மிச்செல் கண்டது.

இப்போது பெட்டிக்குள் கை வைத்தால் சுடும். 45 பாகை செல்சியசைத் தாண்டும். வினாகிரி வாடை மூக்கில் ஏறும்.

இனித்தான் நம் சீனி விதைக்குள் போகிறது, அசற்றிக்கமிலமாக. ஏற்றமில்லாத நிலையில் இந்த அமில மூலக்கூறுக்குப் புரத வாசல் தேவையில்லை. கொழுப்பாலான சவ்வை நேரே பரவிக் கடந்துவிடும். உள்ளே போனதும் ஒரு புரோத்தனை உதறும். வந்து குவியும் புரோத்தன்களை வெளியே இறைக்க விதைக்கலம் தன் ஏ.ரி.பி.யைச் செலவழிக்கிறது. சூடும் அமிலமும் கூடக்கூட இறைப்பு ஈடுகொடுக்காது. இரண்டு மூன்று நாளில் விதை இறக்கிறது. நட்டால் முளைக்காது.

இறப்பு என்றால் இங்கே பொருள் மிகத் திட்டமானது: சவ்வுகள் தடுப்பதை நிறுத்திவிட்டன. புன்வெற்றிடத்து ஊதா கசிந்து ஒட்சிசனைச் சந்தித்துக் கபிலமாகிறது, கசப்பும் குறைகிறது. நொதியங்கள் புரதத்தை வெட்டிச் சிறு துண்டுகளாக்குகின்றன. விதைக்குள்ளிருந்த சுக்குரோசு குளுக்கோசாகவும் பிரற்றோசாகவும் பிளவுபடுகிறது. பின்னர் வறுக்கும்போது இந்தப் புரதத் துண்டுகளும் சீனியும் சேர்ந்துதான் சொக்கலேற் மணமாகின்றன. பெட்டியில் போடாமல் நேரே உலர்த்திய விதையை எத்தனை வறுத்தாலும் அந்த மணம் வராது.

ஐந்து முதல் ஏழு நாளில் பெட்டி வேலை முடியும். வாங்குபவர்கள் உலர்ந்த விதைகளைப் பிளந்து நிறம் பார்ப்பார்கள். ஊதா நிறைய இருந்தால் சவ்வு உடைவது பாதியில் நின்றிருக்கிறது என்று அர்த்தம், விலை குறையும். பெட்டியை விட்டு வரும்போது நம் அமிலம் இன்னும் விதைக்குள்தான். வெயிலில் மெதுவாகக் காயவிட்டால் அதில் பெரும்பகுதி ஆவியாகி வெளியேறும். மழைக்குப் பயந்து சூளையில் அவசரமாகக் காயவைத்தால் மேற்தோல் முதலில் இறுகி அமிலத்தை உள்ளே அடைத்துவிடும், சொக்கலேற் புளிக்கும்.