பாங் முதல் டால்பின் வரை: மூளைக்காய மறுவாழ்வில் வீடியோ கேம்கள் வந்த வழி

முன்னுரை

விபத்தில் தலையில் அடிபட்டவரும் பக்கவாதம் வந்தவரும் உயிர் பிழைத்த பிறகுதான் நீண்ட வேலை தொடங்குகிறது. விரலை மடக்குவது, டம்ளரைப் பிடித்து வாய்வரை கொண்டுபோவது, நாலு பேர் பேசும் இடத்தில் ஒருவர் பேச்சை மட்டும் தொடர்ந்து கேட்பது என எல்லாவற்றையும் அவர்கள் மறுபடி பழக வேண்டியிருக்கிறது. பழக வேண்டுமானால் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். அப்படிச் செய்வது எவரையும் சலிப்படைய வைக்கும். அந்தச் சலிப்பைத் தாண்ட உதவும் என்ற நம்பிக்கையில்தான் வீடியோ கேம் மறுவாழ்வு மருத்துவத்துக்குள் நுழைந்தது.

1970களின் இறுதியிலிருந்து இன்றுவரை அந்த நம்பிக்கை எப்படி வளர்ந்தது, எப்படிச் சோதிக்கப்பட்டது, எதில் நிலைபெற்றது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கருவிகள் மாறிக்கொண்டே வந்தன. ஆய்வுகளைக் கால வரிசையில் வைத்துப் பார்த்தால், பலன் இரண்டைப் பொறுத்தே அமைந்தது தெரிகிறது: நோயாளி எத்தனை முறை பயிற்சி செய்தார் என்பது ஒன்று, அந்தப் பயிற்சியை அவருக்கு ஏற்றபடி திருத்த ஒரு சிகிச்சையாளர் உடன் இருந்தாரா என்பது மற்றொன்று.

1. அடாரி காலம்

இழந்த திறனைச் செயல் வழியாக மீட்கலாம் என்ற கருத்து வீடியோ கேமைவிட மூத்தது. இரண்டாம் உலகப் போரில் தலையில் காயம்பட்ட சோவியத் வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த அலெக்சாந்தர் லூரியா, மூளையின் ஒரு பகுதி சேதமானாலும் அந்த வேலையை வேறு வழியில் செய்ய மூளையைப் பழக்க முடியும் என்று விரிவாக எழுதினார். அதற்கான பயிற்சிகள் காகிதம், பென்சில், அட்டை, மரக்கட்டை ஆகியவற்றைக் கொண்டே நடந்தன.

1972இல் அடாரி நிறுவனத்தின் பாங் வெளிவந்தது. 1977இல் அதே நிறுவனம் வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையின் மூளைக்காய மறுவாழ்வுப் பிரிவில் பணியாற்றிய உளவியலாளர் வில்லியம் லிஞ்ச், கடையில் கிடைத்த இந்த விளையாட்டுகளை நோயாளிகளின் பயிற்சிக்குப் பயன்படுத்தினார். அந்த அனுபவத்தை 1981இல் அமெரிக்க உளவியல் சங்க மாநாட்டில் முன்வைத்தார்.

அவரைக் கவர்ந்த அம்சங்கள் இன்றைக்கும் பொருந்துபவை. பந்து வரும் திசையைக் கண் தொடர வேண்டும்; கை உரிய நேரத்தில் அசைய வேண்டும்; கவனம் சிதறினால் புள்ளி போய்விடும். செய்தது சரியா தவறா என்பது அந்த நொடியிலேயே திரையில் தெரிந்துவிடும். மதிப்பெண்ணும் தானாகப் பதிவாகும். கூச்சமோ தோல்வி உணர்வோ இல்லாமல், வயதுவந்த ஒருவர் விரும்பி உட்காரும் பயிற்சியாக அது இருந்தது. அதே ஆண்டுகளில் ரோசமண்ட் ஜியானுட்சோஸ் போன்றோர் நினைவாற்றலுக்கும் பார்வைக் கவனத்துக்கும் தனிக் கணினி நிரல்களையே எழுதத் தொடங்கினர். 1980களில் தனிக்கணினி பரவியதும் இத்தகைய நிரல்கள் பல மருத்துவமனைகளை எட்டின.

2. முதல் எச்சரிக்கை

கருவி பரவிய வேகத்துக்கு ஆதாரம் ஈடுகொடுக்கவில்லை. 1990இல் இயன் ராபர்ட்சன் குழுவினர், பக்கவாதத்துக்குப் பின் இடப்பக்கம் இருப்பதையே கவனிக்காமல் விடும் குறைபாடு கொண்ட 36 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தனர். ஒரு குழுவுக்குக் கணினியில் கவனப் பயிற்சி. மற்றதற்குக் கணினியில் வெறும் பொழுதுபோக்கு. முடிவில் இரு குழுக்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை.

திரையில் மதிப்பெண் ஏறுவதும் வாழ்க்கையில் திறன் கூடுவதும் ஒன்றல்ல என்பது அப்போதே புலப்பட்டுவிட்டது. திரையில் இடப்பக்கப் புள்ளியைத் தேடிப் பழகியவர் தட்டில் இடப்பக்கம் உள்ள சோற்றைச் சாப்பிடாமல் எழுந்துவிடலாம். 2000இல் கீத் சிசெரோன் தலைமையில் வெளிவந்த அறிவாற்றல் மறுவாழ்வுப் பரிந்துரைகளும், சிகிச்சையாளர் பங்கேற்காமல் கணினிப் பயிற்சியை மட்டும் நம்பியிருப்பதை ஏற்கவில்லை.

3. நான்கு விளக்குகள் சொன்னது

எச்சரிக்கைக்கு இணையாக, சிறியதொரு ஆய்வு விளையாட்டின் மெய்யான வலிமையைக் காட்டியது. முதல் வீட்டு வீடியோ கேம் பெட்டியை உருவாக்கிய ரால்ஃப் பேயர், 1978இல் சந்தைக்கு வந்த சைமன் என்ற விளையாட்டின் வடிவமைப்பிலும் பங்கெடுத்தவர். அதற்குத் திரை கிடையாது. வட்டமான பெட்டியில் நான்கு வண்ணப் பலகைகள் ஒலியோடு ஒளிரும். ஒளிர்ந்த வரிசையை நினைவில் வைத்து ஆடுபவர் அதே வரிசையில் அழுத்த வேண்டும்.

தொழில்வழி சிகிச்சைத் துறையின் அமெரிக்க ஆய்விதழில் 1993இல் வெளியான ஆய்வு, தலைக்காயம் அடைந்த 20 பேரிடம் இதைப் பயன்படுத்தியது. ஒரு முறை அவர்கள் எட்டி நீட்டித்தான் தொடக்கூடிய தூரத்தில் சைமனை வைத்து ஆடச் சொன்னார்கள். இன்னொரு முறை விளையாட்டு எதுவும் இல்லாமல் கையை நீட்டும் பயிற்சியை மட்டும் செய்யச் சொன்னார்கள். இடுப்புக்கும் மணிக்கட்டுக்கும் இடையிலான தூரத்தை அளந்தபோது, விளையாட்டின்போது கை கூடுதலாக நீண்டது தெரிந்தது. அதே கை, அதே தசை, அதே நோயாளிதான். மாறியது நோக்கம் மட்டும். கையை நீட்டு என்ற கட்டளையைவிட, அணைவதற்குள் அந்தப் பச்சை விளக்கைத் தொட வேண்டும் என்ற எண்ணம் உடலை முன்னே இழுத்தது.

4. எத்தனை முறை என்ற கேள்வி

1996இல் ராண்டால்ஃப் நூடோ குழுவினர் சயன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் திசையை மாற்றியது. கையை இயக்கும் மூளைப் பகுதியில் சிறு சேதம் ஏற்படுத்தப்பட்ட குரங்குகளுக்கு, சிறு குழிகளிலிருந்து உணவுத் துணுக்கை எடுக்கும் பயிற்சியைத் தொடர்ந்து கொடுத்தார்கள். பயிற்சி பெற்ற குரங்குகளில், சேதத்தைச் சுற்றியிருந்த கைக்கான பகுதி சுருங்காமல் காக்கப்பட்டது. காயத்துக்குப் பிறகும் பயிற்சியால் மூளையின் அமைப்பு மாறும் என்பதற்கு இது வலுவான சான்றாயிற்று. ஆனால் அத்தகைய விலங்கு ஆய்வுகளில் ஒரு நாளில் நடந்த அசைவுகள் நூற்றுக்கணக்கானவை.

மனிதர்களுக்கு எவ்வளவு கிடைக்கிறது? கேத்தரின் லாங் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வுக்காக 312 சிகிச்சை அமர்வுகளை உட்கார்ந்து எண்ணினார்கள். கைக்கான செயல்முறைப் பயிற்சி ஓர் அமர்வில் சராசரியாக 32 முறை மட்டுமே நடந்தது. அந்தப் பயிற்சி எல்லா அமர்வுகளிலும் இடம்பெறவும் இல்லை.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் விளையாட்டு தேவைப்பட்டது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நெவில் ஹோகனும் ஹெர்மானோ இகோ கிரெப்ஸும் உருவாக்கி, 1990களில் நோயாளிகளிடம் பயன்படுத்தப்பட்ட எம்ஐடி மேனஸ் என்ற இயந்திரக் கையை இந்த நோக்கில் பார்க்க வேண்டும். நோயாளி கைப்பிடியை நகர்த்தித் திரையில் உள்ள இலக்குகளைத் தொடுவார். கை தளர்ந்தால் இயந்திரம் துணை செய்யும். ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான அசைவுகள் இதனால் சாத்தியமாயின. விலை மட்டும் சாதாரண மருத்துவமனைக்கு எட்டாததாக இருந்தது.

5. கடைப் பொருள் சிகிச்சை அறைக்கு வந்தபோது

2003இல் சோனியின் ஐடாய், 2006 இறுதியில் நின்டெண்டோவின் வீ, 2010இல் மைக்ரோசாஃப்டின் கினெக்ட் ஆகியவை வந்தபின் உடல் அசைவையே கட்டுப்பாடாக மாற்றும் தொழில்நுட்பம் வீட்டு விலைக்கு இறங்கியது. ஹைஃபாவில் டெபி ராண்ட், ரேச்சல் கிசோனி, பாட்ரிஸ் வைஸ் ஆகியோர் ஐடாயை நோயாளிகளிடம் பயன்படுத்திப் பார்த்தார்கள். பலர் விரும்பி ஆடினார்கள். ஆனால் நலமானவர்களுக்காகச் செய்யப்பட்ட விளையாட்டின் வேகத்தைக் குறைக்க வழி இல்லாததால், கை மிகவும் பலவீனமாக இருந்தவர்களுக்கு அது எரிச்சலையே தந்தது.

வீ கருவியில் வேறொரு சிக்கல். டென்னிஸ் ஆட்டத்தில் தோளையும் முழங்கையையும் வீசி ஆட வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. கையில் பிடித்த கருவிக்கோ மணிக்கட்டைச் சுண்டினாலே போதும். நோயாளி வெற்றி பெறுவார். பயிற்சி தேவைப்பட்ட தோள் அசையாமலே இருக்கும். சிலர் கையை நீட்டுவதற்குப் பதில் உடம்பையே முன்னே சாய்த்துவிடுவார்கள். இதைப் பார்த்துத் திருத்தும் வேலையை அந்தப் பெட்டியால் செய்ய முடியவில்லை. அருகில் நின்ற பிசியோதெரபிஸ்ட் செய்தார்.

6. சீட்டுக்கட்டும் வீயும்

கனடாவில் குஸ்தாவோ சபோஸ்னிக் தலைமையில் நடந்த எவ்ரெஸ்ட் ஆய்வு, இந்த வரலாற்றின் முக்கியத் திருப்பம். 2010இல் வெளியான முன்னோட்டத்தில் பக்கவாதம் வந்த 22 பேர் பங்கேற்றனர். சீட்டாட்டம், பிங்கோ போன்றவற்றில் ஈடுபட்ட குழுவைவிட வீ ஆடிய குழுவின் கை வேகம் அதிகம் முன்னேறியது. உற்சாகமூட்டிய முடிவு அது.

அதை விரிவாகச் சோதித்த ஆய்வு 2016இல் லான்செட் நியூராலஜி இதழில் வந்தது. கனடா, அர்ஜென்டினா, பெரு, தாய்லாந்து ஆகிய நான்கு நாடுகளின் 14 மையங்களில் 141 பேர் பங்கேற்றனர். வழக்கமான சிகிச்சையோடு சேர்த்து, இரண்டு வாரங்களில் ஒரு மணி நேரம் வீதம் 10 அமர்வுகள். ஒரு குழுவுக்கு வீ. மற்றதற்குச் சீட்டு, பிங்கோ, மரக்கட்டை அடுக்கும் ஆட்டம், பந்து. இரு குழுக்களும் ஏறத்தாழ ஒரே அளவு முன்னேறின.

வீடியோ கேம் தோற்றது என்று இதைப் படிப்பது அவசர முடிவு. பயிற்சி நேரம் சமமாக இருந்தால் பலனும் சமமாக இருக்கிறது என்பதே இதன் பொருள். கேட் லேவர் தலைமையில் 2017இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, 2,470 பேர் பங்கேற்ற 72 ஆய்வுகளைத் தொகுத்து இதே திசையில் சென்றது: வழக்கமான சிகிச்சைக்கு மாற்றாக வைத்தால் கைத்திறனில் மேம்பட்ட பலன் இல்லை, அதோடு கூட்டி, மொத்தப் பயிற்சி நேரத்தை அதிகமாக்கினால் பலன் இருக்கிறது.

7. டால்பின்

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் கிராக்கவர் குழுவினர் நோயாளிகளுக்கென்றே ஒரு விளையாட்டை உருவாக்கினார்கள். எடை தாங்கும் கருவியில் பொருத்திய கையை நோயாளி எப்படி அசைத்தாலும் திரையில் ஒரு டால்பின் அதற்கேற்ப நீந்தும். குறிப்பிட்ட ஒரு பயிற்சியைச் செய்துமுடிப்பது அதன் நோக்கமில்லை. எல்லாத் திசைகளிலும் கையை அசைத்துத் தேடிப்பார்க்கும் ஆசையைத் தூண்டுவதே நோக்கம். 2021இல் வெளியான ஆய்வில் பக்கவாதம் வந்து சில வாரங்களே ஆன 24 பேர் மூன்று வாரங்களில் 30 மணி நேரக் கூடுதல் பயிற்சி பெற்றனர். பாதிப் பேர் டால்பினோடு, மற்றவர்கள் தீவிரமான வழக்கமான சிகிச்சையோடு. இரு குழுக்களுக்கும் இடையே வேறுபாடு இல்லை. ஆனால் இரு குழுக்களுமே, வழக்கமான அளவு சிகிச்சை மட்டும் பெற்ற முந்தைய நோயாளிகளைவிடக் கைச்செயல்பாட்டில் கூடுதலாக முன்னேறியிருந்தன.

8. வேலூரிலிருந்து ஒரு முயற்சி

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் உயிரிப் பொறியியல் துறையைச் சேர்ந்த சிவகுமார் பாலசுப்ரமணியன் குழுவும் சென்னை ஐஐடியும் சேர்ந்து உருவாக்கிய புளூட்டோ என்ற கைப்பயிற்சிக் கருவி இந்த வரலாற்றின் தமிழ்நாட்டுப் பக்கம். ஒரே மோட்டார், அதில் மணிக்கட்டு, முன்கை, விரல்கள் ஆகியவற்றுக்கான கைப்பிடிகளைத் தேவைக்கேற்ப மாற்றிப் பொருத்தலாம். திரையில் விளையாட்டு ஓடும்; முடியாத அசைவுக்குக் கருவி துணை செய்யும். ஊருக்குத் திரும்பிவிட்ட நோயாளிக்கு வாரந்தோறும் நகரத்து மருத்துவமனைக்கு வந்துபோவது எவ்வளவு பெரிய பாரம் என்பதை அறிந்தவர்களுக்கு, சிறியதும் எளியதுமான இத்தகைய கருவியின் அருமை தெரியும்.

முடிவுரை

மருத்துவமனை ஒன்று புதிய விளையாட்டுக் கருவியை வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்விகளை இந்த வரலாறே தருகிறது. ஓர் அமர்வில் பயிற்சி 32 முறையிலிருந்து எத்தனை மடங்கு உயரும்? அசையவே சிரமப்படும் கைக்கு ஏற்ப வேகம் குறையுமா? நோயாளி குறுக்கு வழியில் வெல்லும்போது பார்த்துத் திருத்த யார் இருப்பார்கள்? மூளைக்காயத்தோடு வரும் களைப்பு, தலைவலி, வெளிச்சம் பொறுக்காமை, வலிப்பு அபாயம், கீழே விழும் ஆபத்து ஆகியவற்றைக் கவனித்து ஆட்டத்தை நிறுத்தச் சொல்வது யார்? முன்னேற்றத்தை அளப்பது திரையின் மதிப்பெண்ணிலா, சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்ளும் திறனிலா?

இவற்றுக்கு நல்ல விடை இருந்தால் விலை குறைந்த கருவியும் போதும். இல்லையென்றால் விலை உயர்ந்த கருவியாலும் பயனில்லை. கருவிக்கான பணத்தை ஒதுக்கும்போதே, அதன் அருகில் நிற்கப்போகும் சிகிச்சையாளரின் நேரத்துக்கும் பணம் ஒதுக்க வேண்டும். பாலோ ஆல்டோவில் லிஞ்ச் விளையாட்டை நோயாளியின் கையில் கொடுத்ததோடு நிற்கவில்லை. யாருக்கு எந்த ஆட்டம் என்று தேர்ந்தெடுத்தார். அந்தத் தேர்வுதான் சிகிச்சை.