கல்லாவி வட்டாரக் கிராவல் மிதிவண்டிப் பாதைகள்

கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரை வட்டத்தில், தென்பெண்ணை ஆற்றுக்கு வடக்கே உள்ள ஊர் கல்லாவி. இவ்வூரைச் சுற்றியும் மேற்கே பாரூர், காவேரிப்பட்டணம் வரையிலும் தார் காணாத பாதைகள் இன்னும் ஏராளம். ஏரிக்கரை, கால்வாய்க்கரை, வண்டிப்பாதை, காட்டோரத் தடம் எனப் பலவகைப்பட்ட இவை, சரளை மண்ணில் மிதிவண்டி ஓட்டும் கிராவல் பயணத்துக்கு மிகவும் பொருத்தமானவை. எதுவும் மிதிவண்டிக்கென்று போடப்பட்டதல்ல. உழவுக்கும் பாசனத்துக்கும் சந்தைக்குமாக மக்கள் நடந்தும் மாட்டுவண்டி ஓட்டியும் உண்டாக்கியவை.

கிராவல் பயணத்துக்கு உலகில் பேர்போன இடங்கள் ஆல்ப்ஸ் மலைப் பள்ளத்தாக்குகள். அங்கும் பாதைகள் வேறு காரியத்துக்காகப் பிறந்தவைதாம். இத்தாலியின் அசியெத்தா மலைமுகட்டுப் பாதையும், 2,178 மீட்டர் உயரமுள்ள ஃபினெஸ்ட்ரே கணவாய்ப் பாதையும் ராணுவத் தேவைக்காகப் போடப்பட்டவை. ஃபினெஸ்ட்ரே ஏற்றத்தின் கடைசி 8 கிலோமீட்டர் மண்பாதையாகவே விடப்பட்டிருக்கிறது. 2005இல் ஜிரோ தித்தாலியா பந்தயம் முதன்முறையாக அதன் வழியே போனது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் 2006இல் தொடங்கிய 200 மைல் பந்தயம் இந்த ஓட்டத்துக்குத் தனி மதிப்பைத் தந்தது. சர்வதேச மிதிவண்டி ஒன்றியம் முதல் கிராவல் உலகச் சாம்பியன் போட்டியை 2022இல் இத்தாலியில் நடத்தியது. கல்லாவிப் பக்கம் பனிச் சிகரம் கிடையாது. ஆனால் பழைய பாதையை அழிக்காமல் வைத்திருந்தால் அதற்குப் புதுப் பயன் தானே வந்து சேரும் என்பதற்கு ஆல்ப்ஸ் நல்ல சான்று.

நிலமும் மண்ணும்

பழைய சேலம் மாவட்டத்தைத் தாளகாட், பாராமகால், பாலகாட் என மூன்றாகப் பிரித்துச் சொல்வது வழக்கம். ஓசூர் மேட்டுநிலம் பாலகாட். கிருஷ்ணகிரியும் ஊத்தங்கரையும் பாராமகால். ஓசூர் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்க, கல்லாவிப் பகுதி 400 மீட்டரை ஒட்டியே இருக்கிறது. கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றும் தென்பெண்ணை இந்த இறக்கத்தில்தான் கெலவரப்பள்ளி அணை, கிருஷ்ணகிரி அணை இரண்டையும் தாண்டிக் கீழே வருகிறது. கிழக்கே சவ்வாது மலை எல்லை கட்டி நிற்கிறது.

மண் பெரும்பாலும் செம்மண். அடியில் இருப்பது பழம்பாறை. சாமல்பட்டி, சேவாத்தூர் பகுதிகளின் கார்பனடைட் பாறைத் தொகுதி நிலவியலாளர் நன்கறிந்த ஒன்று. பாறை உதிர்ந்து கிடைக்கும் பருக்கை கலந்த செம்மண்ணைத்தான் லாரிக்காரரும் ஒப்பந்தக்காரரும் கிராவல் என்கிறார்கள். ஈரம் பட்டு ரோலர் ஓடினால் இது கெட்டியாக இறுகும். மழை ஓய்ந்த ஓரிரு நாளில் சக்கரம் தாங்கும். களிமண் பாங்கான வயலோரப் பாதை அப்படியல்ல. சேறு டயரில் அப்பி, ஃபோர்க்குக்கும் சக்கரத்துக்கும் நடுவே அடைத்துக்கொண்டு, வண்டியை உருளவே விடாது.

பாதைகள்

இந்த வட்டாரத்தின் சிறந்த பாதைகள் ஏரிக்கரைகளே. நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து தென்பெண்ணை நீரைப் பெறும் பாரூர் பெரிய ஏரி இதற்கு முதல் எடுத்துக்காட்டு. இப்பகுதியில் நல்ல நிலையில் இருக்கும் ஏரிக்கரை எதுவும் ஒரே அமைப்புதான்: டிராக்டர் சக்கரம் தேய்த்த இரண்டு தடம், நடுவே புல், ஒரு புறம் அலை அடிக்காமலிருக்க அடுக்கிய கல், மறு புறம் கீழே நெல்லும் தென்னையும். மதகு இருக்கும் இடத்தில் பாதை குறுகும். அங்கே இறங்கித் தள்ளிப் போவதே நல்லது. கரை முடியும் இடத்தில் கலிங்கு வரும். ஏரி கோடி போகும் நாளில் கலிங்கின் மேல் மிதிவண்டியை விடக் கூடாது. தண்ணீர் கணுக்கால் அளவுதான் இருக்கும். பாசி பிடித்த கல்லில் டயர் நிற்காது.

கிருஷ்ணகிரி அணையின் வலதுபுற, இடதுபுறக் கால்வாய்க்கரைகள் ஏற்ற இறக்கம் இல்லாதவை. புதிதாக ஓட்டுபவர் இங்கே தொடங்கலாம். கால்வாய் தண்ணீரின் போக்கிலேயே போவதால் வழி தவறவும் வாய்ப்பு குறைவு.

வண்டிப்பாதைகள்தாம் இந்த வலையின் உயிர். ஊரையும் ஊரையும் இணைத்து, மாந்தோப்புக்கும் புளியந்தோப்புக்கும் இடையே வளைந்து போகின்றன. போச்சம்பள்ளியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு மாடும் தானியமும் போனது இப்படிப்பட்ட பாதைகளில்தான். மாங்காய் அறுவடையான ஏப்ரல் முதல் ஜூலை வரை தோப்புகளுக்கு லாரி வந்து போவதால் மண் பொடியாகிப் பாதை கெட்டுவிடும். வெயிலும் தாங்காது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஓட்டுவதே சுகம்.

மழை இப்பாதைகளை எப்படி மாற்றும் என்பதை ஃபெஞ்சல் புயல் காட்டியது. 2024 டிசம்பர் 2ஆம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை பதிவானது. ஓராண்டு முழுவதும் பெய்வதில் பாதிக்கும் மேல் ஒரே நாளில் கொட்டியது; ஊருக்குள் நிறுத்தியிருந்த வேன்களும் அடித்துச் செல்லப்பட்டன. அப்படிப்பட்ட வெள்ளத்தில் சரிவான பாதையின் கிராவல் முழுவதும் அரித்துப்போய் அடிக்கல் மட்டும் மிஞ்சும். ஓரத்தில் வடிகால் வெட்டிய பாதை மட்டுமே தப்பும்.

வண்டி

கிராவல் மிதிவண்டிகளின் டயர் அகலம் பொதுவாக 38 முதல் 50 மில்லிமீட்டர். நம் ஊர்களில் பால் கேனும் தீவனக் கட்டும் சுமந்த கறுப்பு நிறப் பெரிய சைக்கிளின் 28×1½ அங்குல டயரும் 40 மில்லிமீட்டர் அகலம் உடையதே. அம்பத்தூரில் 1949இல் தொடங்கப்பட்ட டிஐ சைக்கிள்ஸ் போன்ற நிறுவனங்கள் அந்த வண்டிகளைச் செய்தது இத்தகைய சாலைகளை மனத்தில் வைத்துத்தான். 2001இல் தொடங்கிய அரசின் இலவச மிதிவண்டித் திட்டத்தால் பள்ளிப் பிள்ளைகள் இதே மண்பாதைகளில் ஓட்டிப் பழகினார்கள். ஆகவே விலை உயர்ந்த இறக்குமதி வண்டி இருந்தால்தான் இங்கே வர முடியும் என்று யாரும் தயங்க வேண்டாம். நல்ல பிரேக்கும் அகல டயரும் போதும்.

பெரிய தொல்லை முள். வேலியோரச் சீமைக்கருவேல முள் தடித்த டயரையும் துளைக்கும். டியூப்லெஸ் டயரில் அடைப்புத் திரவம் ஊற்றி வருவது பாதுகாப்பு. இல்லையென்றால் மாற்று டியூபும் பஞ்சர் ஒட்டும் சாமானும் கையில் இருக்க வேண்டும். காற்றைச் சற்றுக் குறைத்து வைத்தால் பருக்கைக் கல்லில் பிடிப்பு கூடும்.

காட்டோரம்

மேற்கே ஓசூர் வனக்கோட்டத்தின் மண்பாதைகள் அழகானவை. ஆனால் அவை கிராவல் பயணத்துக்கு உரியவை அல்ல. 504 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள காவேரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் 2014இல் அறிவிக்கப்பட்டது. கர்நாடகத்தின் பன்னேருகட்டாவிலிருந்து யானைக் கூட்டங்கள் ராகி முற்றும் பருவத்தில் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வருகின்றன. சத்தமில்லாமல் வரும் மிதிவண்டியை யானை கிட்டத்தில்தான் உணரும். இருவருக்குமே அது ஆபத்து. வனத்துறை அனுமதியின்றிக் காப்புக்காட்டுக்குள் நுழைவது குற்றமும் ஆகும். கல்லாவியின் வண்டிப்பாதைகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை என்பது அவற்றின் பெரிய பலம்.

உரிமையும் பாதுகாப்பும்

1792இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் இங்கே நிலத்தை அளந்து வரி விதித்தார்கள். ரயத்துவாரி முறை வேர்விட்டது இந்த மண்ணில்தான். வயலை எண்ணிட்டு அளந்து பதியும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. வருவாய்த்துறைப் பதிவில் 'வண்டிப்பாதை' என்று எழுதப்பட்ட நிலம் புறம்போக்கு, அதாவது பொதுச்சொத்து. அதை மறித்து வேலி போட யாருக்கும் உரிமை இல்லை. 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் வண்டிப்பாதைக்கும், 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் கரைக்கும் காவல். 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் நீர்வளத்துறையின் பொறுப்பு. சிறியவை ஊராட்சி ஒன்றியத்தினுடையவை.

ஓசூரில் தொடங்கிய தொழில் வளர்ச்சி போச்சம்பள்ளி, பர்கூர் வரை வந்துவிட்டது. ஓலா நிறுவனத்தின் மின்சார ஸ்கூட்டர் ஆலை 2021இல் இப்பக்கம் உற்பத்தியைத் தொடங்கியது. ஆலை வந்தால் வீட்டுமனை வரும். மனைக்கல் நடும்போது முதலில் காணாமல் போவது வண்டிப்பாதை. மாட்டுவண்டி ஓடாத பாதையை யாரும் தேடுவதில்லை என்பதே ஆக்கிரமிப்பாளருக்குத் துணிச்சல் தருகிறது. மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் போகும் சாலைக்குத் தார் கட்டாயம் வேண்டும். அதில் மறுபேச்சு இல்லை. தோப்புக்கும் ஏரிக்கும் போகும் பாதைக்கு வடிகாலும் ஆண்டுக்கொரு முறை கிராவல் நிரப்பலும் போதும்.

உங்கள் ஊர் வண்டிப்பாதையின் புல எண்ணை அரசின் இணையச் சேவையில் கிடைக்கும் அ-பதிவேட்டிலும் புலப்படத்திலும் பாருங்கள். பாதை மறிக்கப்பட்டிருந்தால் வட்டாட்சியருக்கு மனு கொடுங்கள். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் அதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள்.