தரைச் சிப்பந்திகளும் விமானத்தளப் பாதுகாப்பின் வளர்ச்சியும்

விமான யுத்தத்தின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோரிற் பெரும்பாலோர் வானத்தையே நோக்கியிருந்தமையால், எண்ணெய் படிந்த கைகளோடு தரையில் நின்று அவ்விமானங்களைப் பறக்கச் செய்த சிப்பந்திகள் அவர்கள் பார்வையில் அதிகம் படவில்லை. விமானத்தளத்தைக் காப்பதும் தனியொரு போர்க்கடமையே என்னும் கொள்கை இரண்டாம் உலக யுத்தத்தின் முற்பகுதியில் அதிகாரபூர்வமாக உருப்பெறுமுன், அச்சிப்பந்திகள் அதனைத் தம் செயலாற் காட்டிவிட்டனர் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

1940 ஆகஸ்ட் 18-ஆம் தேதி, லண்டனுக்குத் தெற்கிலுள்ள கென்லித் தளத்தின்மீது ஒன்பது ஜெர்மானியக் குண்டுவிமானங்கள் மிகத் தாழ்வாகப் பறந்து வந்தபோது, ராபர்ட்ஸ் என்னும் சாதாரண விமானப்படைச் சிப்பாய், ராக்கெட் விசையால் மேலெழுந்து பாராசூட்டில் தொங்கும் எஃகுக் கம்பிகளை அவற்றின் பாதையில் ஏவினார். அவற்றிற் சிக்கிய விமானமொன்று தளத்தருகே விழுந்து நொறுங்கியது. அந்நாட்களில் பிகின் ஹில் தளத்தில் குண்டுமாரிக்கிடையே தொலைபேசியை விட்டகலாத ஜோன் மார்ட்டிமர், எல்ஸ்பெத் ஹெண்டர்சன், ஹெலன் டர்னர் என்னும் மூன்று பெண்களும் மிலிட்டரி மெடல் பெற்றனர்.

இவ்வரலாற்றின் மிக உக்கிரமான அத்தியாயம் ஹவாயில் நிகழ்ந்தது. 1941 டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குச் சற்று முன், ஷோகாகு, ஸுய்காகு என்னும் ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களின் போர்விமானங்கள், ஓவாஹு தீவின் கிழக்குக் கரையிலிருந்த கனியோஹே கடற்படை விமானத்தளத்தின்மேல் திடீரெனப் பாய்ந்தன. அத்தளத்துக்குரிய 36 கேட்டலினா நீர்விமானங்களுள் மூன்று ரோந்து சென்றிருந்தன. எஞ்சிய 33-இல் 27 அழிந்தன, ஆறு சேதமுற்றன. ஆயினும், எரியும் விமானங்களினின்றே யந்திரத் துப்பாக்கிகளைக் கழற்றி எடுத்துச் சிப்பந்திகள் எதிர்த்துச் சுட்டனர். அவர்களுள் ஆயுதப் பிரிவின் தலைமைச் சிப்பந்தியான ஜான் வில்லியம் ஃபின், பயிற்சிக்கென வைத்திருந்த தாங்கியொன்றில் கனரகத் துப்பாக்கியைப் பொருத்தி, மறைவு சிறிதுமற்ற வெட்டவெளியில் நின்று, உடலெங்கும் காயமுற்றும் இரண்டு மணி நேரத்துக்கு மேலாகப் போராடினார். மேலதிகாரியின் கட்டளைக்குப் பணிந்தே சிகிச்சைக்குச் சென்றவர், முதலுதவி முடிந்தவுடன் மீண்டுவந்து, திரும்பிய விமானங்களுக்கு ஆயுதமேற்றும் பணியை மேற்பார்வையிட்டார். தாக்க வந்து அங்கேயே வீழ்ந்த ஜப்பானிய விமானப் பிரிவுத் தலைவர் ஃபுஸாத்தா ஈடாவை அத்தளத்தினர் ராணுவ மரியாதையுடன் அடக்கஞ் செய்தமை அவர்தம் பண்புக்குச் சான்று.

இதற்குச் சில மாதங்கள் முன்னரே, 1941 மே மாதத்தில் கிரீட் தீவின் மாலெமே விமானத்தளம் ஜெர்மானியப் பாராசூட் படையிடம் வீழ்ந்தமை பிரிட்டிஷாரை விழிப்புறச் செய்தது. தளப்பாதுகாப்புக்கென்றே 1942 பிப்ரவரி 1-ஆம் தேதி ராயல் விமானப்படை ரெஜிமெண்ட் தோன்றியது. அவ்வாண்டு ஏப்ரல் 9-ஆம் தேதி, ஷோகாகுவும் ஸுய்காகுவும் உட்பட்ட அதே கப்பற்படை இலங்கையின் திருகோணமலையையும் அதன் சீனக்குடா விமானத்தளத்தையும் தாக்கியபோது, ரேடார் முன்கூட்டி அறிவித்தமையால் ஹரிக்கேன் விமானங்கள் வானில் எதிர்நின்றன.

கனியோஹேயில் தைரியத்துக்குக் குறைவில்லை, ஆயத்தமே குறைவுற்றிருந்தது. ஆகவே தரைச் சிப்பந்தியின் வீரத்தைப் போற்றும் தேசம், அவ்வீரம் தனித்து நிற்க நேராதவாறு அவனுக்குக் கருவியும் பயிற்சியும் முன்னறிவிப்பும் அளித்தல் வேண்டும். அதுவே அவனுக்குச் செய்யத்தக்க உண்மையான கௌரவம்.