மரத்துக்கு அடித்த நிறம்

பெயின்ட்போல் விளையாட்டை ஏதோ ஓர் இராணுவம் பயிற்சிக்காகக் கண்டுபிடித்தது என்றுதான் என் நண்பர்கள் பலர் நினைத்திருந்தார்கள். உண்மையில் அது காட்டில் வேலை செய்தவர்களின் கருவி.

வெட்ட வேண்டிய மரங்களுக்கு முதலில் அடையாளம் வைக்கவேண்டும். ஓடைக்கு அப்பால், பற்றைக்கு நடுவே நிற்கும் மரத்துக்கு ஒவ்வொரு முறையும் தூரிகையோடு போய்வருவது பெரும் பாடு. அதற்காக அமெரிக்காவின் நெல்சன் பெயின்ட் நிறுவனம் 1970களில் ஒரு கருவியை விற்றது. 'நெல்ஸ்பொட் 007' என்று பெயர். ஜேம்ஸ் பொண்ட் ஞாபகம் வருகிறதா? ஆனால் அதன் வேலை மரத்திலும் மாட்டிலும் நிறம் அடிப்பதுதான். 12 கிராம் காபனீரொட்சைட்டு அடைத்த சிறு உருளை உள்ளே இருக்கும். அந்த வாயு ஜெலட்டின் உறைக்குள் இருக்கும் நிறத்தைத் தள்ளிவிடும்.

அதை விளையாட்டாக மாற்றியது ஒரு வாக்குவாதம். சார்ள்ஸ் கெய்ன்ஸ் எழுத்தாளர், ஹேய்ஸ் நோயல் பங்குச்சந்தைக்காரர். காட்டில் தப்பிப் பிழைப்பவன் நகரத்தானா, நாட்டுப்புறத்தானா என்பதுதான் கேள்வி. பேசித் தீரவில்லை. நண்பர் பொப் கேர்ன்சியையும் சேர்த்துக்கொண்டு, 1981 ஜூன் 27 அன்று நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ஹெனிக்கர் என்ற ஊரில் 12 பேராகக் காட்டுக்குள் இறங்கினார்கள். அணி கிடையாது, ஆளாளுக்குத் தனித்தனி. நான்கு இடங்களில் இருக்கும் நான்கு நிறக் கொடிகளையும் அடிபடாமல் எடுத்துவரவேண்டும். வென்றவர் ரிச்சி வைட், காட்டு வேலை தெரிந்தவர். அவர் ஒருமுறைகூடச் சுடவில்லை. சத்தமில்லாமல் நடந்துபோய்க் கொடிகளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அடுத்த ஆண்டே கேர்ன்சி காசு வாங்கி விளையாடவிடும் திடல் ஒன்றைத் திறந்தார். அந்தக் காலத் திடல் என்றால் மரங்களும் ஒரு கயிற்று எல்லையும்தான். நிறமோ எண்ணெய் நிறம். விளையாடி முடித்தவர்கள் டர்பன்டைன் போட்டுத் துடைத்தார்கள். தண்ணீரில் கழுவக்கூடிய நிறம் பிறகுதான் வந்தது. 1990களில் காட்டை விட்டுப் புல்வெளிக்கு வந்து, காற்றடைத்த தடுப்புகளுக்குப் பின்னால் ஒளிந்து விளையாடத் தொடங்கினார்கள். அந்தத் தடுப்புகளுக்கு வைத்த பெயர் 'பங்கர்'.

இப்போது ஜேர்மனியில் என் நண்பர்கள் மூன்று பேர் சொந்தமாக ஒரு திடல் அமைக்கிறார்கள். பொறியியல் படித்தவன் என்பதால் வரைபடம் என் தலையில் விழுந்தது. கணக்கு எனக்குப் பிடித்த வேலை. 3 கிராம் உருண்டை செக்கனுக்கு 90 மீற்றர் வேகத்தில் போனால் ஏறத்தாழ 12 ஜூல். அமெரிக்கத் திடல்களில் வழமையான உச்ச வேகம் கிட்டத்தட்ட அதுதான். இங்கே சட்டம் 7.5 ஜூலோடு நிறுத்துகிறது. எனவே வேகத்தையும் குறைக்கவேண்டும், தடுப்புகளைக் கொஞ்சம் நெருக்கமாகவும் வைக்கவேண்டும். வேகம் அளக்கும் கருவி வாசலிலேயே இருக்கவேண்டும். முகமூடியைக் கழற்றும் இடத்துக்கும் ஆடுகளத்துக்கும் நடுவே இரட்டை வலை வேண்டும். கண்ணுக்கு இரண்டாம் வாய்ப்பு இல்லை.

அப்பா வரைபடத்தைப் பார்த்தார். 'பங்கர் 1, பங்கர் 2' என்று எழுதியிருந்தேன். "பங்கருக்குள்ள இருந்த ஆக்களைக் கேட்டே இந்தப் பேர் வைச்சவங்கள்?" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. எங்கள் வீடுகளில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான். விமானச் சத்தம் கேட்டதும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கும் குழி.

ஜேர்மனியிலும் இந்தக் கேள்வி எழுந்திருக்கிறது. 2009 மார்ச்சில் வின்னென்டன் நகரில் தொடங்கி ஒரு முன்னாள் மாணவன் 15 பேரைச் சுட்டுக் கொன்றான். மே மாதம், கொல்வதுபோல் நடிக்கும் விளையாட்டு என்று சொல்லி பெயின்ட்போலைத் தடைசெய்ய ஆளும் கூட்டணி திட்டமிட்டது. எதிர்ப்பு வர, அதைக் கைவிட்டார்கள். அதே மே மாதத்தில்தான் முள்ளிவாய்க்கால். எங்கள் வீட்டில் தொலைக்காட்சியை யாரும் அணைக்கவில்லை. தமிழ் ஒளிபரப்பு முடிந்து ஜேர்மன் செய்திக்கு மாற்றினால், அங்கே நிற உருண்டையைப் பற்றி விவாதம். அப்போது எனக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. இன்று யோசித்தால், அந்த விவாதம் தேவையானதுதான். தடை மட்டும் தேவையில்லை. ஓடி, ஒளிந்து, கொடி எடுக்கும் விளையாட்டு மனிதருக்குப் பழையது. போர்க்கள வேடம் பிறகு ஒட்டிக்கொண்டது.

வரைபடத்தில் 'தடுப்பு 1, தடுப்பு 2' என்று மாற்றிவிட்டேன். போலி வீடுகளும் உடைந்த ஜீப்பும் வைக்கலாம் என்று ஒரு நண்பன் கேட்டான், மறுத்துவிட்டேன். கேபிள் சுற்றிய மர உருளைகள், பழைய டயர்கள், ஓரத்தில் ஏற்கெனவே நிற்கும் பீச் மரங்கள், இவை போதும். முதல் நாள் ஆட்டம் ஹெனிக்கர் விதிப்படி நான்கு கொடி. ஜேர்மனியில் இருக்கும் தம்பி தங்கைகள் 18 வயது வரை பொறுக்கவேண்டும், சட்டம் அப்படி. அதுவரை வலை கட்ட ஆள் தேவை.