குழாய்வழி ஆய்வுத் தரவுத் தரப்படுத்தல்

எண்ணெய், எரிவாயுக் குழாய்களுக்குள் ஓடிச் சுவரைச் சோதிக்கும் ‘பிக்’ கருவிகளின் பதிவுகளை ஒரே வரையறையில் எழுதும் முறை. குழாயில் பாயும் எண்ணெயோ வாயுவோதான் கருவியைத் தள்ளிச் செல்கிறது. அரிப்பால் உலோகம் மெலிந்த இடத்தில் கருவி சுவரில் செலுத்தும் காந்தப் பாயம் கசிய, உணரிகள் அதைப் பதிகின்றன. குறையின் இடத்தை மூன்று அளவுகள் சொல்லும்: ஓடோமீட்டர் சக்கரம் காட்டும் தொலைவு, அருகிலுள்ள சுற்றுப் பற்றவைப்பிலிருந்து உள்ள இடைவெளி, குழாயின் வட்டத்தைக் கடிகார முகமாகக் கொண்டு குறிக்கும் ‘மணி’ நிலை. சக்கரம் வழுக்கினால் தொலைவு பிசகும்; தரைக்கு மேல் வைத்த குறிகருவிகள் பிக் கடந்த நேரத்தைப் பதிந்து அதைத் திருத்த உதவும். கருவி நடுவழியில் சிக்கிக்கொண்டால் அதிலுள்ள 22 ஹெர்ட்ஸ் அலைபரப்பி துணைக்கு வரும். அவ்வளவு தாழ்ந்த அதிர்வெண்ணால்தான் எஃகுச் சுவரைக் கடந்து வெளிவர முடியும்.

2005இல் முதலில் வெளியான ஏபிஐ 1163 என்னும் தரநிலை, கருவியின் தகுதிக்கும் அளவீட்டுச் சரிபார்ப்புக்கும் நெறி வகுத்தது. குழாய்வழித் தகவல்களைச் சேமிக்க பிஓடிஎஸ் என்னும் பொதுத் தரவு மாதிரி உண்டு.

ஆவணப் பிழை எளிதாகக் கடந்துபோகக்கூடியதல்ல. கலிபோர்னியாவின் சான் புருனோவில் 2010 செப்டம்பர் 9 அன்று வெடித்து எட்டுப் பேரைப் பலிகொண்ட எரிவாயுக் குழாய், பதிவேட்டில் மூட்டில்லாக் குழாய் என்றே இருந்தது. உடைந்ததோ அதன் நீளவாக்குப் பற்றவைப்பில்.